வெளிச்சுவர் வழியாக மாடிக்கு லேன் கேபிள்: கிழக்குச் சுவரா, மேற்குச் சுவரா?

கொல்லைப்புறம்:

தஞ்சாவூர் பக்கம் வீடு. கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம், அதற்கு மேல் மொட்டை மாடி. ஃபைபர் இணைப்பு கீழே ஹாலில் வந்து இறங்குகிறது, அதே பெட்டியில்தான் அப்பாவின் லேண்ட்லைன் போனும் இருக்கிறது, அதனால் பெட்டியை மாடிக்கு மாற்றிவிடு என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள், அந்தப் பேச்சை எடுத்தாலே வீட்டில் சண்டை வரும். 300 எம்பிபிஎஸ் பிளான். ஹாலில் முழுசாகக் கிடைக்கிறது. மாடியில் நான் வேலை பார்க்கும் அறையில் 15, 20 வந்தாலே பெரிய விஷயம். நடுவில் கான்கிரீட் தளம், வேறென்ன.

சுவருக்குள் டிவி கேபிளுக்காக அந்தக் காலத்திலேயே போட்ட பைப் ஒன்று மொட்டை மாடியிலிருந்து ஹால் வரை வருகிறது. பழைய டிவி ஒயரோடு லேன் கேபிளைக் கட்டி இழுத்துப் பார்த்தோம், அசையவே இல்லை, பூச்சு வேலையின்போது எங்கோ சிமெண்ட் இறங்கி அடைத்திருக்கிறது என்கிறார் எலக்ட்ரீஷியன். ஆக வெளிச்சுவர்தான் வழி.

கிழக்குச் சுவரில் ஈபி மீட்டர், கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர், தண்ணீர்க் குழாய் எல்லாம் இருக்கின்றன, ஐப்பசி கார்த்திகை மழையும் அந்தப் பக்கம்தான் அடிக்கும். மேற்குச் சுவர் காலியாக இருக்கிறது, ஆனால் மதியத்துக்கு மேல் கை வைக்க முடியாத வெயில். அளந்து பார்த்ததில் எந்தப் பக்கம் போனாலும் 20 மீட்டருக்குள் முடிந்துவிடும். கடையில் நீல நிற கேட் 6 வகை லேன் கேபிள் ஒன்றைக் காட்டி "வெளியிலும் போடலாம் சார், ஒன்றும் ஆகாது" என்கிறார்கள். நம்பலாமா? உள்ளே உலோகத் தாள் சுற்றிய ஷீல்டு கேபிள் வேண்டுமா? இடி மின்னல் பயம் வேறு.

பிறகு கொல்லையில் மோட்டார் கொட்டகைக்கு ஒரு கேமரா போட வேண்டும், வீட்டிலிருந்து ஒரு 60 மீட்டர் இருக்கும். அதற்கும் சேர்த்து இப்போதே இழுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

நெல்லை சிசிடிவி:

கேமரா போடுவதுதான் என் தொழில் என்பதால் வெளிச்சுவரில் கேபிள் இழுப்பது தினப்படி வேலை. முதலில் அந்த நீலக் கேபிளைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அது வீட்டுக்குள் போடும் பிவிசி உறை. மேற்குச் சுவரில் போட்டால் முதலில் நிறம் வெளுக்கும், பிறகு கையால் தடவினால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும், கடைசியில் வளைவுகளில் வெடித்து மழைத் தண்ணீர் உள்ளே போகும். வெளியில் போடுவதற்கென்றே கறுப்பு உறை போட்ட கேபிள் வருகிறது, பிஇ (பாலிஎத்திலீன்) உறை என்று கேளுங்கள். அந்தக் கறுப்பு நிறம் கரித்தூளால் வருவது, வெயிலைத் தாங்குவதே அதுதான். உறை மேலேயே அச்சடித்திருப்பார்கள், படித்துப் பார்த்து வாங்குங்கள். கறுப்பாக இருப்பதெல்லாம் பிஇ இல்லை, கறுப்புச் சாயம் போட்ட பிவிசியும் கடையில் உண்டு.

சுவரைப் பொறுத்தவரை மேற்குதான். வெயிலுக்கு மருந்து இருக்கிறது, ஈபி லைனுக்கு இல்லை. மீட்டருக்கு முன்னால் வரும் சர்வீஸ் ஒயரில் ஏதாவது ஆனால் உங்கள் வீட்டு டிரிப்பர், ஃபியூஸ் எதுவும் காப்பாற்றாது, அந்தப் பக்கம் அலுமினிய ஏணியைச் சாய்த்து டிரில் போடுவதே எனக்குப் பிடிக்காத வேலை. மேற்குச் சுவரிலும் ஏசி ஒயர் ஏதாவது போனால் அதிலிருந்து ஒரு அடியாவது தள்ளி வாருங்கள், குறுக்கே கடந்துதான் ஆக வேண்டும் என்றால் நேர்க் குறுக்காகக் கடங்கள், பக்கத்திலேயே ஒட்டி ஓட விடாதீர்கள். கரண்ட் ஒயர் போகும் பைப்புக்குள்ளேயே லேனையும் திணிப்பவர்கள் இருக்கிறார்கள், அதைச் செய்யவே கூடாது.

அடுத்தது ஓட்டை, பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். ஒன்பது அங்குலச் சுவர் என்றால் பூச்சோடு சேர்த்து ஊடுருவ ஒரு அடிக்கு மேல் நீளமான பிட் வேண்டும், 10 மி.மீ. போதும். வீட்டுக்குள்ளிருந்து வெளியே பார்த்து, வெளிப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து இருக்கும்படி போடுங்கள். சரிவு உள்பக்கமாக இருந்தால் மழைத் தண்ணீர் ஹாலுக்குள் வழிந்து பெயின்ட்டை உரித்துவிடும். பிட் மறுபக்கம் வெளியே வரப்போகும் நேரத்தில் ஹாமரை நிறுத்திவிட்டு மெதுவாகச் சுற்றவிட்டால் வெளிப்பூச்சு பெயர்ந்து விழாது. தூணிலும் லிண்டலிலும் கை வைக்காதீர்கள், சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் வேண்டாம், உள்ளே ஒயர் இறங்கியிருக்கும்.

உங்கள் வீட்டில் மேல் ஓட்டைக்குக் கேபிள் கீழிருந்து ஏறி வருகிறது, அதனால் அங்கே தண்ணீர் தானாகக் கீழே இறங்கிவிடும். கீழ் ஓட்டையில்தான் வம்பு, மேலிருந்து கேபிளைப் பிடித்துக்கொண்டு வரும் தண்ணீர் நேராக ஓட்டைக்குள் போய்விடும். அங்கே கேபிளை ஓட்டைக்குக் கீழே ஒரு சாண் இறக்கி, வளைத்து, மேலே ஏற்றி உள்ளே விடுங்கள். தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். அப்புறம் சிலிகான் அடைப்பு. சும்மா திறந்து விட்டால் எறும்பு வரும், அடுத்த சீசனில் குளவி மண் வைத்துக் கூடு கட்டும்.

முக்கியமாக, கேபிளை இழுத்து முடித்த பிறகுதான் முனையில் கிளிப் அடிக்க வேண்டும். ஆர்ஜே 45 தலை கிட்டத்தட்ட 12 மி.மீ. அகலம், 10 மி.மீ. ஓட்டையில் நுழையாது.

உப்புக்காற்று:

நெல்லை அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எனக்குக் காரைக்கால், கடலிலிருந்து கூப்பிடு தூரம்.

ஆணியோடு வரும் வெள்ளை பிளாஸ்டிக் கிளிப்பை வெளிச்சுவரில் அடிக்காதீர்கள். எங்கள் ஊரில் ஒரு மழைக்காலத்துக்குள் ஆணி துருப்பிடித்து சுவரில் பழுப்புக் கோடு இழுத்துவிடும், பிளாஸ்டிக்கோ வெயிலில் மொறுமொறுவென்று ஆகி உடையும். தஞ்சாவூரில் உப்பு இல்லை என்றாலும் வெயில் அதே வெயில்தான். டிரில் போட்டு, ரால் பிளக் வைத்து, எஸ்எஸ் ஸ்க்ரூவில் சேடில் பிடித்துவிடுங்கள். டேக் கட்டுவதாக இருந்தால் கறுப்பு டேக் மட்டும்.

கேபிளை அப்படியே வெயிலில் விடாமல் பைப்புக்குள் விட்டால் இன்னும் நல்லது, அணில் கடியும் மிச்சம். எங்கள் தெருவில் கேபிளுக்கு எமன் இடியோ மழையோ இல்லை, அணில்தான், சன்ஷேடு மேல் உட்கார்ந்து நிதானமாகக் கொறிக்கும். வீட்டு ஒயரிங்குக்குப் போடும் வெள்ளை பிவிசி பைப்பும் வருஷக்கணக்கில் வெயில் பட்டால் தட்டினாலே உடைகிற நிலைக்கு வந்துவிடும். போர்வெல்லுக்குப் போடுகிற கறுப்பு எச்டிபிஇ ஓஸ் இருக்கிறதே, அது தாங்கும். அழகாக இருக்காது, பரவாயில்லை என்றால் போடுங்கள், பிவிசிதான் வேண்டும் என்றால் மேலே ஒரு கோட் எக்ஸ்டீரியர் பெயின்ட் அடித்துவிடுங்கள், சுவரோடு சுவராகத் தெரியாமலும் போகும்.

பைப்பின் மேல் வாய் வானத்தைப் பார்த்து இருக்கக் கூடாது, ஒரு பெண்ட் போட்டுக் கீழ்நோக்கித் திருப்புங்கள். அடி வாயை அடைக்க வேண்டாம். எவ்வளவு அடைத்தாலும் உள்ளே ஈரம் சேரும், அது இறங்க வழி வேண்டும்.

மாடிப்படி:

இதற்கெல்லாம் ஏன் சுவரைக் குடைய வேண்டும்? மெஷ் வைஃபை, அதாவது தங்களுக்குள் பேசி ஒரே வைஃபையாக ஓடும் பெட்டி, இரண்டு வாங்கி, ஒன்றைக் கீழே, ஒன்றை மாடிப்படித் திருப்பத்தில் வையுங்கள். படிக்கட்டு வழியாகச் சிக்னல் ஏறிவிடும், அங்கே கான்கிரீட் குறுக்கே வராது. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், வேலை ஓடுகிறது. டிரில் இல்லை, ஏணி இல்லை, அணில் இல்லை.

பாக்கெட் பாண்டி:

மாடிப்படி சொல்வது படிக்கட்டு வீட்டுக்குள்ளேயே இருந்து, திருப்பத்தில் ஒரு பிளக் பாயின்ட்டும் இருந்தால் சரிதான். நம்ம ஊரில் மாடியை வாடகைக்கு விடலாம் என்ற கணக்கில் படியை வெளியே போட்டிருப்பார்கள், அங்கே இது எடுபடாது. இன்னொன்று, மெஷ் பெட்டிகள் தங்களுக்குள் காற்றிலேயே பேசிக்கொண்டால் அதே தளத்தை அவையும் ஊடுருவத்தான் வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை கம்பி கட்டிய கான்கிரீட்டில் பெருமளவு செத்துவிடும். இரண்டு பெட்டிக்கும் நடுவே கேபிள் இருந்தால் மெஷ் பிரமாதமாக ஓடும், ஆனால் அதற்குக் கேபிள் இழுக்க வேண்டுமே, சுற்றிச் சுற்றி அங்கேயேதான் வருகிறோம்.

கேள்வி கேட்டவருக்கு. வேகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். 20 மீட்டருக்குச் சாதாரண கேட் 5இ-யே ஒரு ஜிகாபிட் கொடுக்கும், அதன் வரம்பு 100 மீட்டர். கேட் 6 என்றால் 50 மீட்டர் வரைக்கும் 10 ஜிகாபிட்டே போகலாம், உங்களுக்குத் தேவைப்படாது. கேட் 7, கேட் 8 என்று அட்டையில் போட்டு விற்பதற்குக் காசு கொடுக்காதீர்கள். அந்தக் காசைச் செம்பில் போடுங்கள். சந்தையில் மலிவாகக் கிடைப்பதில் நிறைய சிசிஏ, அதாவது அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு முலாம். பார்த்தால் செம்பு மாதிரியே இருக்கும். ஒரு துண்டு வாங்கி உள்கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள், வெள்ளை தெரிந்தால் அலுமினியம். வளைத்து நிமிர்த்தினால் சீக்கிரம் ஒடியும். பிஓஇ போட்டு மாடியில் வைஃபை கொடுக்கும் ஆக்சஸ் பாயின்ட்டையோ கேமராவையோ கேபிள் வழியாகவே கரண்ட் கொடுத்து ஓட்ட நினைத்தால் சிசிஏ சரிப்பட்டு வராது, செம்பை விட மின்தடை கூடுதல், வழியிலேயே வோல்ட் குறையும்.

போட்டு முடித்த பிறகு லிங்க் வேகம் 1000 எம்பிபிஎஸ்-க்குப் பதில் 100 என்று காட்டினால் ரவுட்டரைத் திட்டாதீர்கள். எட்டுக் கம்பியில் ஏதோ ஒன்று சரியாகப் பதியவில்லை என்று அர்த்தம். 100-க்கு இரண்டு ஜோடி போதும், ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். இரண்டு முனையிலும் ஒரே வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள். எட்டில் ஒவ்வொன்றும் பல இழையாக இல்லாமல் ஒரே கெட்டிக் கம்பியாக இருக்கும் இந்த மாதிரி கேபிளுக்கு முனையில் கிளிப் அடிப்பதை விட, சுவரில் ஒரு பெட்டி வைத்து கீஸ்டோன் ஜாக்கில் (சுவரில் வைக்கும் லேன் சாக்கெட்) கம்பிகளை அழுத்திப் பதித்து, அங்கிருந்து சின்ன பேட்ச் கார்டு போடுவதுதான் காலத்துக்கும் நிற்கும்.

ஷீல்டு கேபிள் வேண்டாம் என்பது என் கட்சி. அந்த ஷீல்டை ஒழுங்காக எர்த் பண்ணினால்தான் அதற்கு மதிப்பு, எர்த் இல்லாமல் விட்டால் சுவர் நெடுக ஒரு ஏரியல் கட்டித் தொங்கவிட்ட கதை. வீட்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் ரவுட்டரில் ஷீல்டு போய்ச் சேர இடமே இருக்காது.

நெல்லை சிசிடிவி:

பாண்டி சார், ஷீல்டு விஷயத்தில் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். பெரிய மோட்டார், லிஃப்ட் பக்கத்தில் போகிற இடங்களில் ஷீல்டு போட்டு, ஸ்விட்ச் பக்கம் உலோக ரேக்கில் எர்த் கொடுத்தால் நல்ல வித்தியாசம் தெரிகிறது. ஆனால் இவர் வீட்டுக்கு ஷீல்டு இல்லாத யூடிபி கேபிளே போதும், அதில் சண்டை இல்லை.

கொல்லைப்புறம்:

எல்லோருக்கும் நன்றி. மாடிப்படி அவர்களே, எங்கள் படி வெளியேதான், பாண்டி சொன்னது அப்படியே எங்கள் வீடு. மேற்குச் சுவர் என்று முடிவு பண்ணிவிட்டேன். கடைக்காரரிடம் பிஇ உறை, முழுச் செம்பு என்று கேட்டதும் முகம் மாறி, உள்ளேயிருந்து வேறு ஒரு சுருள் எடுத்து வந்தார், தூக்கிப் பார்த்தாலே கனம் தெரிந்தது. விலையும் தெரிந்தது.

இரண்டு சந்தேகம் பாக்கி. ஒன்று, ஷீல்டு வேண்டாம் என்றால் மின்னலுக்கு வேறு என்ன செய்வது? இரண்டு, மோட்டார் கொட்டகைக்கு இதே கேபிளை 60 மீட்டர் இழுத்துவிடலாமா? 100 மீட்டருக்குள்தானே வருகிறது. நடுவில் நாலு தென்னை மரம், அதில் கட்டிக் கட்டிக் கொண்டுபோகலாம் என்று எலக்ட்ரீஷியன் சொல்கிறார்.

பாக்கெட் பாண்டி:

தென்னையில் கட்ட வேண்டாம். காற்றில் மரம் ஆடும், மட்டை விழும், எல்லாவற்றுக்கும் மேல் வயல் நடுவே உயர்ந்து நிற்கிற தென்னையில்தான் இடி விழும், அதில் செம்புக் கம்பியைக் கட்டி மறு முனையை ஹாலில் உள்ள பெட்டியில் செருகுவது வேண்டாத வேலை.

மின்னலைப் பற்றி ஒன்று புரிந்துகொண்டால் போதும். நேராக உங்கள் கேபிளில் இறங்கினால் அதைத் தடுக்க எந்தக் கருவியும் இல்லை. பக்கத்தில் எங்கோ விழும்போது நீளமான கம்பியில் தூண்டப்படுகிற வோல்ட்டும், ஒரு கட்டடத்தின் எர்த்துக்கும் இன்னொரு கட்டடத்தின் எர்த்துக்கும் அந்த நொடியில் வருகிற வித்தியாசமும்தான் நடைமுறையில் போர்ட்டுகளைச் சுடுகின்றன. லேன் போர்ட்டுக்குள் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, 1500 வோல்ட் வரை பிரித்து வைக்க வேண்டும் என்பது விதி. அன்றாடச் சில்லறைத் தொந்தரவுக்கு அது போதும், மின்னலுக்குப் போதாது. உங்கள் மேற்குச் சுவர்க் கேபிள் ஒரே கட்டடத்துக்குள் ஏறி இறங்குகிறது, நீளமும் குறைவு, இரண்டு முனையும் ஒரே எர்த்தில்தான் நிற்கின்றன, அதனால் ஆபத்து கம்மி. இடி மழை வரும்போலத் தெரிந்தால் அது தொடங்கும் முன்பே இரண்டு முனையிலும் கேபிளைக் கழற்றிவிடுங்கள், அதை விட நல்ல சர்ஜ் புரொடெக்டர் கடையில் கிடையாது.

கொட்டகை தனிக் கட்டடம், தனி எர்த், அதில் ஒரு மோட்டார் வேறு அடிக்கடி ஸ்டார்ட் ஆகிறது. தூரம் 100-க்குள் வருகிறது என்பதைப் பார்க்காதீர்கள். அங்கே ஃபைபர் போடுங்கள். கண்ணாடியில் கரண்ட் போகாது. உங்கள் வீட்டுக்கு இணைப்பு வந்து சேர்ந்த அதே மாதிரி டிராப் கேபிள், இரண்டு முனையிலும் ஃபைபரை லேன் போர்ட்டாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் ஒவ்வொன்று. ஒற்றை இழையில் ஓடுகிற வகை வாங்கினால் ஜோடியாக வாங்குங்கள், ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550-இல் வாங்கும், மற்றது நேர் எதிர், ஒரே மாதிரி இரண்டை வாங்கி வந்தால் லைட் எரியாது. டிராப் கேபிளோடு சில வகைகளில் ஓர் இரும்புக் கம்பியும் ஒட்டி வரும், தாங்கிப் பிடிப்பதற்காக. கட்டடத்துக்குள் நுழையும் முன் அந்தக் கம்பியை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஃபைபர் போட்டதன் பலனே போய்விடும். கனெக்டரில் பச்சை, நீலம் என்று இரண்டு வகை உண்டு, கன்வெர்ட்டரில் எது இருக்கிறதோ அதையே முனையிலும் போடச் சொல்லுங்கள்.

உப்புக்காற்று:

ஃபைபரையும் மரத்தில் கட்டாமல் எச்டிபிஇ ஓஸுக்குள் விட்டு மண்ணில் புதைத்துவிடுங்கள். இரண்டடி ஆழமாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் அடுத்த தடவை கொல்லையைக் கொத்தும்போது மண்வெட்டி போட்டுவிடும். புதைக்கும் முன் போட்டோ எடுத்து வையுங்கள், எந்த மரத்திலிருந்து எத்தனை அடி தள்ளிப் போகிறது என்று தெரியும்படி. ஓஸுக்குள் ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்து விட்டால் பிறகு வேறு கேபிள் இழுக்கத் தோண்ட வேண்டாம்.

நெல்லை சிசிடிவி:

மேற்குச் சுவரிலும் ஒன்றுக்கு இரண்டாக இழுத்துவிடுங்கள், டிரில்லும் ஏணியும் எப்படியும் வரத்தான் போகின்றன, ஓட்டையை மட்டும் 10-க்குப் பதில் 16 மி.மீ. ஆக்குங்கள். இரண்டு முனையிலும் மார்க்கரில் 1, 2 என்று எழுதிவிடுங்கள்.

லேன் கேபிளில் கரண்ட் ஏற்றும் பிஓஇ இன்ஜெக்டர் வாங்கும்போது மட்டும் பெட்டியைப் படியுங்கள். 48 வோல்ட் 802.3ஏஎஃப் என்று போட்டிருந்தால் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் கரண்ட் கொடுக்கும். 24 வோல்ட் பேசிவ் என்றால் எதையும் கேட்காமல் அனுப்பிவிடும், அதை லேப்டாப்பில் செருகினால் போர்ட் போய்விடலாம். எந்த மாடல் ஆக்சஸ் பாயின்ட் வாங்குகிறீர்கள் என்று சொல்லுங்கள், எது சரிவரும் என்று சொல்கிறேன்.

கொல்லைப்புறம்:

இன்னும் வாங்கவில்லை அண்ணா, மாடல் பார்த்துவிட்டு இங்கேயே போடுகிறேன். ஓட்டை வேலை ஞாயிற்றுக்கிழமை. சுவரில் எங்கே போடப்போகிறோம் என்று பென்சிலால் குறித்ததை அப்பா பார்த்துவிட்டார், போனுக்கு ஒன்றும் ஆகாதே என்று மட்டும் கேட்டார்.